செண்டுமல்லிக் கேசரி

கம்பைநல்லூர்ப் பக்கம் கல்யாணச் சமையல்காரர் பச்சியப்பனின் கேசரி என்றால் தனி மரியாதை. அது அவருடைய கைப்பக்குவமா, டப்பாவிலிருந்து அவர் தூவும் கலர்ப்பொடியா என்று யாரும் கேட்டதில்லை. அரூர் வாத்தியார் மாதவராஜ் கேட்டுவிட்டார்.

"எம் பொண்ணு கல்யாணத்துல கலர்ப்பொடி ஒரு சிட்டிகை விழுந்தாலும் அண்டாவோட கவுத்துடுவேன், ஆமா!"

பச்சியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பொடி போடாத கேசரி உப்புமா மாதிரி வெளுத்து நிற்கும். மஞ்சள்தூள் போட்டால் சாம்பார் வாசம் அடிக்கும். முப்பது வருஷப் பேர் ஒரே பந்தியில் நாறிவிடுமே என்று புலம்பித் தீர்த்தார்.

அவர் மனைவி மாதம்மாள், வேலியோரத்து ஆரஞ்சு நிறச் செண்டுமல்லிப் பூவை நிழலில் முறத்தில் காய வைத்துக் கோழிகளுக்குப் போடுகிறவள். அந்தக் கோழிகள் இடும் முட்டையின் மஞ்சள் கரு அப்படிச் சிவந்திருக்கும்.

"ஏங்க, இதை நெய்யில போட்டுத்தான் பாருங்களேன்" என்றாள்.

"மாலை கட்டுற பூவை மனுசன் திம்பானா? போடி, போய் வேலையப் பாரு!"

வீறாப்பாகச் சொன்னாரே ஒழிய, அவள் தண்ணீர் பிடிக்கப் போனதும் திருட்டுத்தனமாக முறத்தில் கை வைத்தார். காய்ந்த பூவை முழுசு முழுசாக நெய்யில் போட்டார். நிறம் அள்ளிக்கொண்டு போனது. நாக்கில் வைத்தாரோ இல்லையோ, ஐயய்யோ, வேப்பங்கொழுந்து தோற்றது! முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினால், குடத்தோடு நின்று மாதம்மாள் சிரிக்கிறாள்.

"பூவடியில பச்சையா இருக்குது பாருங்க, அதுதான் கசப்பு. எதழை மட்டும் உருவணும்."

பச்சியப்பன் முறத்தின் முன் உட்கார்ந்து உருவினார்.

கல்யாணத்தன்று முதல் பந்தி. இலையில் பொன்னாகக் கேசரி விழுந்ததும் வாத்தியார் பாய்ந்து வந்தார்.

"யோவ், படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

பந்தியே கை நிறுத்தியது. பச்சியப்பன் வேகமாக யோசித்தார். பூ என்றால் சிரிப்பார்கள். சொல்லாவிட்டால் பொடி என்று முடிவு கட்டிவிடுவார்கள். வருவது வரட்டும் என்று ஒரு கரண்டி நெய்யைச் சூடாக்கி, எல்லோர் முன்னாலும் காய்ந்த இதழ்களைத் தூவினார். நெய் மெல்ல மெல்லப் பொன்னிறமானது.

"செண்டுமல்லிங்க சார். எங்கூட்டு வேலியில பூத்தது. மருந்தே அடிக்கல."

நாலைந்து பேர் உடனே பந்தல் தோரணத்துப் பூவுக்குக் கையை நீட்டினார்கள். "அது கடைப்பூ, தொடாதீங்க!" என்று பச்சியப்பன் அலறினார்.

வாத்தியார் ஒரு வாய் போட்டார். இன்னொரு வாய் போட்டார்.

"அட! இது யாருய்யா கண்டுபிடிச்சது?"

நான்தான் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடுப்பங்கரையில் மாதம்மாள் தலை நிமிராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பச்சியப்பனுக்கு வெட்கமாகப் போயிற்று.

"அதோ, எம் பொண்டாட்டிங்க. நான் போய் வேலையப் பாருன்னு திட்டினேன். அவ சொன்னதுதான் என் மானத்தைக் காப்பாத்துச்சு."

"அப்புறம் அவங்க ஏன் அங்க உக்காந்திருக்காங்க? இலையப் போடுய்யா!"

முப்பது வருஷத்தில் முதல்முறையாக மாதம்மாள் பந்தியில் உட்கார, பச்சியப்பன் தன் கையால் கேசரி வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வாத்தியாரைப் பார்த்துக்கூட அவர் இப்படிப் பயப்படவில்லை.

அவள் நிதானமாக மென்று விழுங்கினாள்.

"சக்கரை ஒரு கை கூடிப்போச்சுங்க" என்றாள்.