அழிந்துபோன பதினொரு வரி

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவள் நான். ஆனால் "நான்" என்று எழுதினால் இரண்டாம் வரியிலேயே கை நின்றுவிடுகிறது. ஆகவே அவளுக்கு ரீபா என்று பெயர் வைக்கிறேன். அவள் கணவன் ஜெபஸ்டின். (வீட்டில் அவர்; கதையில் அவன். அப்போதுதான் எழுத முடிகிறது.)

முதல் தொடக்கம்: சேரன்மகாதேவியில் ஜெபஸ்டின் ஆற்றில் தலைகீழாகக் குதித்தபோது தண்ணீர் இடுப்பளவுகூட

வேண்டாம். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. பேசுவான், தலை ஆடும். உங்களுக்கு இது போதும்.

2

மூன்று வருடமாக அவன் கடிதங்களை ரீபாதான் எழுதினாள், அவன் சொல்லச் சொல்ல. அவளுக்குத் தெரியாமல் அவனால் ஒரு வரிகூட எழுத முடியாது. இதை அவள் யோசித்ததே இல்லை.

தொண்ணூற்றேழு ஜூலையில் அவனுடைய நண்பன் மகேஸ்வரன், பொறியியல் கல்லூரி வாத்தியார், பாளையங்கோட்டை வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டரும் தானே செய்த தொப்பியும் கொண்டுவந்தான். தொப்பிக்குள் பாதரசக் குழாய்கள். தலையைச் சாய்க்கும் பக்கம் திரையில் எழுத்துகளின் மேல் அம்பு நகரும். குனிந்தால் அந்த எழுத்து விழும்.

"ரெண்டு பக்கமும் வெடுக்குனு ஆட்டினா எழுதினது பூரா அழிஞ்சிரும். பாத்துக்கிடும்வே."

"அதென்னவே அப்படி ஒரு ஏற்பாடு?" என்றான் ஜெபஸ்டின்.

"வெளிநாட்டுப் புத்தகத்துல போட்டிருக்கு. 'இல்ல'ன்னு சொல்ல அவனுக அப்படித்தான் ஆட்டுவானுகளாம்."

"தொப்பியப் போட்டா கோமாளி மாரியா இருக்கேன்?"

"முந்தியும் அப்படித்தான இருந்தீரு."

3

ஐந்தாம் நாள், சனிக்கிழமை காலை.

"ஏட்டி, நீ கொஞ்சம் அங்கன போ. நான் எழுதணும்."

"நான் இருந்தா என்ன அத்தான்?"

"போயேன்."

இரண்டு மணி நேரம் ஆயிற்று. ரீபா அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். எழுத்து தெரியாத தூரம். வரிகளை மட்டும் எண்ண முடிந்தது. பதினொன்று.

(பால் பொங்கியது, அவள் உள்ளே ஓடினாள் என்று ஒரு வரைவில் எழுதிப்பார்த்தேன். பொங்கவில்லை. அவள் நேரே அவனிடம் நடந்தாள்.)

திரையைப் பார்க்காமல் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்கா எழுதுதிய?"

"ஆமா" என்பதற்கு நம் ஊரில் தலையை எப்படி ஆட்டுவோம் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும், சந்தோஷமாக. அவனும் அப்படித்தான் ஆட்டினான்.

திரையில் ஒன்றுமில்லை.

4

"வாயால சொல்லுங்க அத்தான்."

"வாயால சொல்ல முடிஞ்சா தொப்பி எதுக்குட்டி? திங்கக்கிழமை திரும்ப எழுதுதேன்."

ஞாயிறு மதியம் காய்ச்சல் கண்டது. புதன்கிழமை விடியும் முன் அவன்

5

மகேஸ்வரன் கம்ப்யூட்டர் முழுக்கத் தேடினான். "எங்கயும் இல்ல, தங்கச்சி," என்றான். பிறகு தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

முடிவு ஒன்று: அது காதல் கடிதம். பக்கத்து வீட்டு சாரம்மாள் அப்படித்தான் அடித்துச் சொல்கிறாள்.

முடிவு இரண்டு: நீ வேறு கல்யாணம் செய்துகொள். மகேஸ்வரன் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அதைத்தான் நினைக்கிறான்.

முடிவு மூன்று: நீ என்னைக் குளிப்பாட்டும்போதெல்லாம் எனக்கு

மூன்றையும் எழுதிப்பார்த்தேன். எதுவும் பதினொரு வரிக்கு நீளவில்லை.

அவளுக்குத்தான் எழுதினான் என்பது மட்டும் உறுதி. அந்த ஒரு பதில்தான் மற்ற எல்லாவற்றையும் அழித்தது.

இனி நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது யாராவது பக்கத்தில் வந்து நின்று ஏதாவது கேட்டால், தலையை மட்டும் ஆட்டிவிடாதீர்கள்.