எடுக்காத கை

பெயின்ட் அடிக்கப் போன இடத்தில் ஏணியிலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்ட தம்பியை, அக்கா நர்ஸாக வேலை பார்க்கும் வார்டிலேயே சேர்த்தார்கள். அம்மாவுக்கு அதிலேயே பாதிக் கவலை தீர்ந்தது. கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் இது என் பெரிய பொண்ணோட வார்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி அதற்கும் மேல். அக்கா ஊசியோடு வரும்போதெல்லாம், ஊருக்கெல்லாம் நீ சிஸ்டர், எனக்கு மட்டும்தான் ஒரிஜினல் என்பான். பக்கத்துக் கட்டில்காரர்கள் வலியை மறந்து சிரிப்பார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது; வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அன்று காலை அவளோடு இருக்கவேண்டிய இன்னொரு நர்ஸை, அங்கே ஆளில்லை என்று பிரசவ வார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வார்டு முழுக்க ஒற்றை ஆளாக ஓடுவது அவளுக்குப் புதிதல்ல. மருந்து கொடுத்துக்கொண்டே வந்தவளை நிறுத்தி, மூச்சு விட ஒரு மாதிரியாக இருக்கிறது என்றான் தம்பி. அவன் முகம் அவளுக்குப் பிடிக்கவில்லை. தலையணையை உயர்த்தி, ஆக்ஸிஜன் வைத்து, டாக்டரைக் கூட்டிவர ஆயாவை விரட்டினாள். நாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கடைசிக் கட்டிலிலிருந்து யாரோ அலறினார்கள். தொடையில் அறுவை செய்திருந்த வெல்டர் அது. தையல் விட்டுப்போய், ரத்தம் கட்டிலிலிருந்து தரைக்கு வடிந்துகொண்டிருந்தது.

யாருக்கு முதலில் என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பாடத்தில் தம்பி என்று ஒருவன் கிடையாது. இதோ வந்துடறேன் என்று சொல்லிவிட்டு ஓடினாள். இரண்டு கைகளாலும் வெல்டரின் தொடையை அழுத்திப் பிடித்தாள். கையைத் தளர்த்தினால் விரலிடுக்கில் ரத்தம் பீறிட்டது. வார்டின் அந்தக் கோடியிலிருந்து அம்மா பெரியவளே, பெரியவளே என்று கூப்பிட்டது கேட்டது. தலையை மட்டும் திருப்பினாள். தம்பியின் விரல்கள் போர்வையைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தன. பிறகு பிடிக்கவில்லை.

ஓடிவந்த டாக்டர்கள் இரண்டு கட்டிலையும் பார்த்தார்கள். உங்கள் தம்பியின் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது, நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பெரிய டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. பக்கத்தில் நிற்கவாவது செய்திருக்கலாமே என்று அம்மா திருப்பிக் கேட்பாள்.

எல்லாம் முடிந்து வீடு வெறிச்சோடிய பிறகு அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"கையை எடுத்துட்டு வர முடியலையாடி உனக்கு?"

"எடுத்திருந்தா அவர் செத்திருப்பாரும்மா."

"சாகட்டுமே. அவன் யாரு நமக்கு?"

அதன்பின் இருவரும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள்போல் இருந்தார்கள். அவள் வேலையிலிருந்து வருவதற்குள் அம்மா படுத்துவிடுவாள். தூங்குவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

ஒரு விடுமுறை நாளில், ஊன்றுகோலோடு வெல்டர் வீடு தேடி வந்தார். அதே நேரத்தில் தம்பி இறந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கதவைத் திறந்த அம்மாவிடமே ஆரம்பித்துவிட்டார்.

"எனக்கு அரை நினைவுதாம்மா. ஆனா ஒண்ணு தெரியும். உங்க பொண்ணு கையை எடுக்கவே இல்ல."

மகள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். உனக்கு அம்மா இருக்காங்களா என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்றார் அவர். அம்மா மகளைக் கடந்து உள்ளே போனாள். இனி வெளியே வரமாட்டாள் என்று மகள் நினைத்தாள்.

அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். வெயிலில் நடந்து வந்த மனிதர் அண்ணாந்து குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு, சொம்பைத் திரும்ப வாங்கக் கையை நீட்டியபடி அம்மா நின்றாள்.