பசுவின் காலடியில் சந்தனம்

அருள்பாண்டி பால்பண்ணைப் படிப்புக்கு வாத்தியார். சூலக்கரைக்கு அப்பால் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வேலை. அவருடைய துறையில் பிள்ளைகள் வருசா வருசம் குறைந்து, கடைசியில் பேர் கூப்பிட்டால் மாடுகள்தான் குரல் கொடுத்தன. அதிலும் ஒரு மாட்டை, வருகை போதாதென்று பரீட்சைக்கு விடவில்லை.

இந்த வருசம் பத்துப் பேராவது சேராவிட்டால் துறையை மூடிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது.

அருள்பாண்டி சிவகாசியில் தினக்காலண்டர் அடித்தார். அட்டையில் துறையின் செவலைப் பசு. அதன் காலடியில் படிப்பின் பேரும் அவருடைய நம்பரும். பசுவின் அழகைப் பார்த்து அச்சு மிஷினே ஒரு நிமிசம் நின்று கும்பிட்டதாகக் கேள்வி. தை மாதமே நாரணாபுரத்தில் வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிளஸ் டூ ரிசல்ட் வந்து வாரக்கணக்காகியும் அது அடிக்கவில்லை.

நேரில் போனார். எல்லா வீட்டிலும் காலண்டர் சாமி அலமாரியில் இருந்தது. ஒரு வீட்டில் அந்தப் பசு மழை தந்ததாம். அடுத்த வீட்டில் அதே மழையை நிறுத்தி வெடி காய வைத்ததாம்.

“கீழ எழுதியிருக்கதப் படிச்சீகளா?” என்று மூன்றாவது வீட்டுச் சண்முகத்தாயிடம் கேட்டார்.

“சாமி படத்துல என்னத்த சார் படிக்க? காலடிக்குச் சந்தனந்தான வைப்பாக.”

மகள் சினேகா கட்டைவிரலால் சந்தனத்தைத் துடைத்தாள். “அம்மா, இது காலேசும்மா. மாட்டப் பத்திப் படிக்கது. நான் போறேன்.”

“சாணி அள்ளுறதுக்குப் பட்டம் எதுக்குட்டி?”

“சாணி வெடிக்காதுல்லா.”

பட்டாசு ஆலை விபத்தில் போன அப்பாவின் படமும் அதே அலமாரியில்தான் இருந்தது. சண்முகத்தாய் உள்ளே போய் மார்க் ஷீட்டை எடுத்துவந்து கொடுத்தாள்.

அருள்பாண்டி மற்ற வீடுகளிலும் சந்தனத்தைத் துடைத்துக் காட்டினார். பிள்ளைகள் அதற்குள் கம்ப்யூட்டர் படிப்புக்கும் பட்டாசுக் கம்பெனிக்கும் போயிருந்தார்கள். மொத்தமே சினேகா ஒருத்தி.

“ஒத்தப் பிள்ளைக்கு எப்படி சார் வகுப்பு நடத்த?” என்றார்கள் ஆபீஸில். துறையை மூடினார்கள்.

அவர் போனில் சொன்னபோது, “சரி சார்” என்றாள் சினேகா. வேறு படிப்பு இருக்கிறது என்றார். அதற்கும், “சரி சார்.”

மார்க் ஷீட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு இருளம்மாள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

“பிள்ளை எங்க?”

“பட்டாசு சீசன்லா சார். தாயும் மகளும் ஒரே வேன்லதான் போறாக. போற இடத்துல துணையா இருக்கும்.”

அருள்பாண்டி தலையாட்டினார்.