சாமித் துண்டில் இருந்த மொச்சை

1

இந்தக் கதை என் பல்லில் தொடங்கியது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன்.

போன ஜனவரியில், கிறிஸ்துமஸுக்குப் பின் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் அன்று, ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்ததை வாங்க நெல்லித்தோப்புக்குப் போனேன். சந்து மாறிவிட்டது. தவறான வீட்டு வாசலில் நின்று, கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன். தட்டுவதற்குள் கதவு திறந்தது. ஒரு பெண், கையில் தட்டு, தட்டில் ஒரு துண்டு கேக். "வாங்கம்மா, இது உங்களுக்குத்தான்" என்றாள். நான் யார், எவர் என்று கேட்கவில்லை. அவள் கண் நனைந்திருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஓர் ஆண் சிரிக்கும் சத்தம்.

வாங்கிக்கொண்டு வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து கடித்தேன். கடக்கென்று பல்லில் பட்டது. காய்ந்த மொச்சைக் கொட்டை ஒன்று.

அது இப்போது என் மேசைமேல் இருக்கிறது. அந்த வீட்டில் நான் பார்த்தது அந்த முகத்தை மட்டும்தான். மற்றதெல்லாம், பெயர்கள் உட்பட, அந்த முகத்துக்குப் பொருத்தமாக நானாகக் கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சின்னப்பாப்பாவின் வாழ்க்கையில் கடவுள் இழைத்த அநியாயம் என்னவென்றால்"

நிறுத்திவிட்டேன். எடுத்த எடுப்பிலேயே கடவுளைக் கூண்டில் ஏற்றிவிட்டால் பிறகு நான் வக்கீலாகத்தான் பேச முடியும். எனக்கு அந்தப் படிப்பு இல்லை.

அடுத்து: "ஊர் எல்லையில் உள்ள மேட்டுப்பாளையத்துப் பட்டறையில் பிரஸ் மெஷின் இறங்கியபோது தேவதாஸின் வலது கை"

இதையும் அடித்துவிட்டேன். அந்த இடத்தை நீங்கள் பார்க்க வேண்டாம். இது மட்டும் தெரிந்தால் போதும்: அன்று தேவதாஸுக்கு லீவு. தம்பி மதிவாணன் காய்ச்சல் என்று சொல்லித் தன் ஷிப்டுக்கு அண்ணனை அனுப்பினான். காய்ச்சல் இல்லை. கடலூரில் கூட்டாளி கல்யாணம். கை போனது அண்ணனுக்கு. தம்பி அதே பட்டறையில் சூப்பர்வைசர் ஆனான்.

மூன்றாவது தொடக்கத்தை வைத்துக்கொள்கிறேன்.

3

சின்னப்பாப்பாவுக்குத் தன் புருஷன் சிரிப்பது பிடிக்கவில்லை.

தேவதாஸ் மாதா கோயில் பாடல் குழுவில் தபேலா வாசித்தவன். கை போன பிறகும் ஞாயிறு தவறாமல் அதே இடத்தில் போய் உட்கார்ந்து, இடது கையால் தொடையில் தாளம் போட்டுவிட்டு வருவான். காலையில் பல் துலக்கும்போதே பாட்டு. இதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரியும். ஒருத்தராவது கோபப்பட வேண்டாமா? அவனுக்கும் சேர்த்து அவளே கோபப்பட்டாள். வருஷக்கணக்காக.

[இந்த மனுஷனை நம்ப எனக்கே கஷ்டமாக இருந்தது. அட்டையில் வெட்டிய ஆளாகிவிடுவானோ என்று பயந்து, ஒரு பிரதியில் அவனைக் குளியலறையில் அழவைத்துப் பார்த்தேன். அழுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "பாப்பா, காப்பி இருக்கா?" என்றான். அதன்பிறகு அவனை நம்பினேன்.]

திருநாளுக்கு முதல் நாள் தேவதாஸ் பேச்செடுத்தான்.

"மதியை நாளைக்கு வரச் சொல்லட்டுமா?"

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வருவாரு உங்க தம்பி?"

"இருக்கிற மூஞ்சிதான். வேற எங்க போய் வாங்குவான்?"

"வெளையாடாதீங்க. உங்களுக்குக் கேக்கவே தோணலையா? நமக்கு மட்டும் ஏன் இப்படின்னு?"

"கேட்டேன் பாப்பா. ஆஸ்பத்திரியில ராத்திரி பகலா அதைத்தான் கேட்டேன். பதில் வரல." சட்டையின் காலிக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். "எனக்குத் தெரியாததெல்லாம் தெரிஞ்சவரு ஒருத்தரு மேல இருக்காரு, அவரு கை ஒண்ணும் போகலன்னு ஒரு நாள் தோணிச்சி. அன்னிக்குத்தான் தூங்கினேன்."

"நான் இன்னும் தூங்கல."



கடைசியில் அவளே வழி சொன்னாள். "நாளைக்கு மொச்சை யாருக்கு வருதோ அவங்க சொல்றதுதான். எனக்கு வந்தா, உங்க தம்பி இந்த வாசப்படி மிதிக்கவே கூடாது. இந்தப் பேச்சே இனிமே கூடாது."

"சரி" என்றான் தேவதாஸ்.

4

மொச்சைச் சமாச்சாரம் தெரியாதவர்களுக்காக:

சின்னப்பாப்பாவின் அம்மா ஒரு சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர் வீட்டில், சமையல் பார்த்தவள். இந்தத் திருநாளுக்குச் செய்யும் ராஜா கேக் அங்கே கற்றது. மாவுக்குள் ஒரு மொச்சையைப் புதைத்துச் சுடுவார்கள். யார் துண்டில் வருகிறதோ அவர்தான் அன்றைய ராஜா. அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. ஓரவஞ்சனை வரக் கூடாது என்பதற்காக, வீட்டில் சின்னவர் மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். மேலே துண்டைத் தொட்டு "யாருக்கு?" என்றால், கீழே இருந்து பெயர் வரும். ஒரு துண்டு சாமிக்கு. அதை வீட்டார் தொடக் கூடாது. வாசலுக்கு முதலில் வருகிற ஆளுக்கு, அவர் யாராக இருந்தாலும், கொடுத்துவிட வேண்டும்.*

* அந்தத் துண்டைத்தான் நான் பஸ் ஸ்டாப்பில் தின்றேன்.

5

பேக்கரியில் சுடக் கொடுப்பதற்கு முன், மொச்சை புதைத்த இடத்தில் சின்னப்பாப்பா முள்கரண்டியால் ஒரு குத்து வைத்தாள். மகள் பூவிழியின் காதில், "மூணாவதா கேக்கும்போது அம்மான்னு சொல்லுடி" என்றாள்.

காலேஜ் படிக்கிற பெண். "காலு மடக்க முடியல, சீக்கிரம் கேளுங்க" என்று முனகிக்கொண்டே மேசைக்கு அடியில் புகுந்தாள்.

"இது யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"இது?"

"எனக்கு. பெருசா வெட்டும்மா."

குத்து விழுந்த துண்டின்மேல் சின்னப்பாப்பா விரலை வைத்தாள். "இது யாருக்கு?"

கீழே சத்தமே இல்லை.

"யாருக்குடி?"

"சாமிக்கு" என்றாள் பூவிழி.

மூன்று பேரும் தின்றார்கள். யார் வாயிலும் கொட்டை இல்லை. தேவதாஸ் தனியாக வைத்த துண்டைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "அப்போ இந்த வருஷம் ராஜா அவருதான்."

"நான் உன்ன என்ன சொல்லச் சொன்னேன்?" என்று சின்னப்பாப்பா மகளைப் பார்த்துச் சீறினாள். சொன்ன பிறகுதான், தானே தன்னைக் காட்டிக்கொடுத்தது புரிந்தது.

"சொல்லத்தான் வந்தேம்மா." பூவிழி உடையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். "அடியில இருந்து பார்த்தா உங்க காலு மட்டும்தான் தெரியுது. அப்பா காலு தாளம் போட்டுக்கிட்டு இருந்திச்சி. உன் காலு நடுங்கிக்கிட்டு இருந்திச்சி. உனக்கு அந்த வேலை வேணாம்னு தோணிச்சி."

"என்ன வேலை?"

"ராஜா வேலை."

தேவதாஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "கேக்குல குத்து வெச்சது யாரு? எறும்பா? ராஜாகிட்டயே திருட்டா பாப்பா?"

6

அப்போது சின்னப்பாப்பாவுக்குப் புரிந்தது, இறைவனின் ஆளுகை என்பது

இந்த வரியை நான் முடிக்கப் போவதில்லை. அவள் அப்படி யோசிக்கிறவள் இல்லை. அவளுக்குத் தோன்றியது வேறு. பெரிய மார்க்கெட்டில் இருந்து இரண்டு கையிலும் பையோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது, உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் "குடும்மா" என்று பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாரே, அது மாதிரி. பை இன்னும் அவளுடையதுதான். கனமும் குறையவில்லை. விரல்கள்தான் மெதுவாக நிமிர்கின்றன.

யார் குற்றவாளி, யாருக்கு எவ்வளவு தண்டனை, யார் எப்போது வாசப்படி ஏறலாம்: இத்தனை வருஷம் அவள்தான் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நாற்காலியில் இன்று வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். முதலில் அழுகை வந்தது. அழுகைக்குள்ளேயே சிரிப்பு வந்தது.

"ராஜா என்ன சொல்றாருன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"அது அவரு கவலை" என்றான் தேவதாஸ். "துண்டை வாங்கிக்க ஆள் அனுப்புவாரு, இரு."

வாசலில் காலடிச் சத்தம். மதிவாணனாக இருக்குமோ? அவனாகவே இருந்தால்? தட்டை எடுத்துக்கொண்டாள். தட்டும்வரை பொறுக்கவில்லை. யாரென்று தெரியாமலே கதவைத் திறந்தாள்.

7

நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவளுக்கு ஏமாற்றமா, நிம்மதியா? அந்த முகத்தை எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டும் அதில் இல்லை. யார் நின்றிருந்தாலும் அதே சிரிப்பைத்தான் சிரித்திருப்பாள் என்றுதான் படுகிறது. அதனால்தான் இத்தனையும் எழுதினேன்.

மதிவாணனை வரவழைத்து ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன், இனிப்பு கூடிவிட்டது. அவன் வரவே இல்லை என்று இன்னொன்று எழுதினேன், கை ஓடவில்லை. எழுதாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. அது நான் கண்ணால் பார்த்தது. தட்டில் இருந்ததைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு திரும்பி நடந்தேன். சந்து முனையில் ஒருத்தன் ஸ்கூட்டரை நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். போகவும் இல்லை, வரவும் இல்லை. யாரென்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அவனைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தேன்.

சாமித் துண்டை வாங்க வேண்டிய ஆள் வந்து வாங்கிக்கொண்டாயிற்று. இனி அந்தக் கதவைத் திறந்து வைக்கத் தேவை இல்லை. இருந்தும், கண்ணுங்களா, அவள் அதைச் சாத்தியிருக்கவில்லை.