நூற்றுக்குப் பதினைந்து

கடிதம் தட்டச்சாகி, கையெழுத்தும் ஆகி, டிம்ப்னா டிரேனரின் மேசை இழுப்பறையில் கிடந்தது. அது 1993 ஏப்ரல் கடைசி. தபாலில் சேர்க்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. அன்று காலை வானொலியில் மரண அறிவிப்பு வாசிக்கும்போது, ஃபீலிம் கார்விலின் மனைவி ரோசலீன் முந்தின நாள் இறந்துபோனாள் என்று சொன்னார்கள். கடிதம் அந்தக் கார்விலுக்குத்தான்.

டிம்ப்னாவுக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடமாக வரி அலுவலகத்தில் வேலை. கார்வில் அந்த மாவட்டத்தில் நிலமும் வீடும் ஏலம் விடுகிறவர். பதினாறு வருடமாகப் பாராளுமன்ற உறுப்பினரும் கூட. அவர் ஏலம் விட்ட ஒவ்வொரு நிலத்துக்கும் வாங்கிய தரகில், ரசீதில் ஒரு தொகை, கைக்குக் கை மாறியது வேறொரு தொகை. டிம்ப்னா மூன்று வருடம் அலைந்தாள். சேறு படிந்த முற்றங்களில் நாய்களுக்குப் பயந்து நின்று, நாற்பத்தோரு பேரிடம் பழைய ரசீதுகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்தாள். பதினோரு வருடத்தில் இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் அவர் காட்டாத வருமானம். விசாரணைக்கு வரச் சொல்லித்தான் அந்தக் கடிதம்.

"போயிடுச்சா அது?" என்று மேலதிகாரி ஸ்கொலன் கேட்டார்.

"இல்ல சார். அவர் சம்சாரம் தவறிட்டாங்க. மாச நினைவுப் பூசை முடியட்டும்னு பாக்கறேன்."

"உன் கோப்பு. உன் இஷ்டம்."

அடக்கத்துக்கு அவளும் போயிருந்தாள். பாதி மாவட்டம் மழையில் வரிசையாக நின்றது. கைகுலுக்கியபோது கார்விலின் கை சில்லென்று இருந்தது. "வந்ததுக்கு ரொம்ப நன்றிம்மா" என்றார். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. இழவு வீட்டுக்கு வரிக் கடிதம் அனுப்புவது மனுஷத்தனமில்லை என்று வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்குப் பட்டது. மூன்று வருடம் பொறுத்த கோப்பு இன்னும் ஒரு மாதம் பொறுக்காதா?

மே இருபத்தொன்பது சனிக்கிழமை பூசை என்று குறித்திருந்தார்கள். அதற்கு நான்கு நாள் முன்பே அரசாங்கத்தின் அறிவிப்பு வந்துவிட்டது. இதுவரை வருமானத்தை மறைத்தவர்கள் மறைத்ததில் நூற்றுக்குப் பதினைந்து கட்டினால் போதும். வட்டி இல்லை, அபராதம் இல்லை, வழக்கு இல்லை. யார் கட்டினார்கள் என்பதும் வெளியே வராது. இந்த அறிவிப்புக்கு முன்பே விசாரணைக் கடிதம் கைக்குக் கிடைத்தவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

அலுவலகத்தில் பதினெட்டுப் பேரும் வானொலியைச் சுற்றி நின்று கேட்டார்கள். அவர்கள் சம்பளத்தில் அந்த வருடம்தான் கூடுதலாக ஒரு சதவீதம் வரி பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஸ்கொலன் டிம்ப்னாவின் மேசைக்கு வந்து, மூடியிருந்த இழுப்பறையைப் பார்த்தார்.

"இப்ப அனுப்பி என்ன ஆகப்போகுது" என்றார்.

அவள் மதியம் கொண்டுவந்த சாண்ட்விச்சைத் தொடவில்லை. ஒரு மாதம். தபால்பெட்டி தெருவுக்கு எதிர்ப்பக்கம்தான் இருந்தது.

ஜூலையில் சட்டம் நிறைவேறியது. கார்வில் ஆதரித்து வாக்களித்தார். "எடுப்பதற்குக் கஷ்டமான முடிவு. ஆனால் நாட்டுக்கு நல்லது" என்று மாவட்டப் பத்திரிகையில் அவர் சொன்னதைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்.

அக்டோபரில் டிம்ப்னாவின் தம்பி கோல்முக்குக் கையில் அடிபட்டது. அவனுக்குக் கோழி அறுக்கும் ஆலையில் வேலை. கோழிகள் நகர்ந்து வரும் பட்டையில் கத்தி நழுவி, வலது உள்ளங்கையில் நரம்புகள் அறுந்துபோயின. தைத்தார்கள். மூன்று விரல்கள் மடங்கினபடியே நின்றுவிட்டன. சம்பளத்துக்குப் பதிலாக அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகையில் அவனும் மனைவி நோரீனும் காலம் தள்ளினார்கள். அந்த உதவித்தொகைக்கும் அந்த வருடம்தான் வரி போட ஆரம்பித்திருந்தார்கள்.

ஜனவரி நடுவில் கார்வில் அலுவலகத்துக்கு வந்தார். கறுப்புக் கோட்டு, கையில் தொப்பி.

"உக்காருங்க" என்றாள் டிம்ப்னா.

"நேரமில்லம்மா. பதினோரு மணிக்கு ஒரு அடக்கம் இருக்கு." ஒரு தாளை மேசையில் வைத்தார். "இதக் காட்டினா போதும்னு வக்கீல் சொன்னான்."

பதினைந்து சதவீதம் கட்டியதற்கான சான்றிதழ். எவ்வளவு கட்டினார் என்று அதில் இல்லை. இருக்கவும் கூடாது. அவள் இரண்டு தடவை படித்துவிட்டு, கோப்பை மூடுவதற்கான முத்திரையை எடுத்தாள்.

"எங்க ஆளுங்ககிட்ட ரசீது கேட்டுட்டுத் திரிஞ்சது நீதானே? எல்லாம் என் காதுக்கு வந்துடும்" என்றார். குரலில் கோபம் இல்லை. "ஏப்ரல்லேருந்து தினம் தபால்காரன் வர்ற நேரத்துக்கு வாசல்ல வந்து நின்னுடுவேன். ஆனா ஒண்ணும் வரல. ஏன் வரலன்னு இன்னைக்கு வரைக்கும் புரியல."

"உங்க வீட்ல துக்கம்" என்றாள். "பூசை முடியட்டும்னு வச்சிருந்தேன்."

கார்விலின் முகம் தொங்கிப்போனது. ஒரு நொடி, அடக்கத்தன்று மழையில் நின்ற மனிதரைப் போல இருந்தார். பிறகு தொப்பியை வைத்துக்கொண்டார்.

"ரோசலீன் இருந்திருந்தா உனக்கு நன்றி சொல்லியிருப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச்சில் கோல்முக்குத் தபால் வந்தது. உதவித்தொகை மேல் வரி பாக்கி முந்நூற்று எண்பத்தாறு பவுண்டு; முப்பது நாளில் கட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் போன டிம்ப்னாவிடம் அவன் தாளை நீட்டினான்.

"உன் ஆபீஸ் பேருதான் போட்டிருக்கு. ஏதாவது பண்ண முடியுமா அக்கா?"

"அது வேற பிரிவுடா. அதோட சொந்தக்காரங்க கோப்ப நான் தொடவே கூடாது. வேலை போயிடும்."

"தொட வேணாம். சும்மா கேட்டுப் பாக்கலாம்ல?"

"கேக்கறதும் தொடறதுதான்."

அவன் தாளை மடித்துக் கடிகாரத்துக்குப் பின்னால் சொருகினான். நோரீன் உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அடுத்த சனிக்கிழமை காலை கோல்ம் கார்விலைப் பார்க்கப் போனான். சனிக்கிழமைகளில் ஒரு மதுக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து கார்வில் ஜனங்களின் குறை கேட்பது வழக்கம். மூன்றாம் நாள் பாராளுமன்ற முத்திரை போட்ட உறையில், இன்னாருடைய நிலைமையைக் கருணையோடு பரிசீலிக்க வேண்டுகிறேன் என்று வசூல் பிரிவுக்கு ஒரு கடிதம் வந்தது. பதினெட்டு மாதத் தவணை கொடுத்தார்கள்.

டிம்ப்னா அடுத்த முறை போனபோது கோல்ம் சந்தோஷமாக இருந்தான்.

"பாத்தியா? ஒரே லெட்டர். 'உன் அப்பாவ எனக்குத் தெரியும்டா, கை எப்படி இருக்கு, காட்டு'ன்னு கேட்டாரு. என் விரல ஒவ்வொண்ணா நிமித்திப் பாத்தாரு. டாக்டர் கூட அப்படிப் பாக்கல."

இருபத்து மூன்று வருடமாக டிம்ப்னா வாய் திறந்ததில்லை. யாருடைய கணக்கைப் பற்றியும் வெளியே சொல்வது குற்றம். அன்று சொன்னாள்.

"நான் சொல்றது இந்தச் சுவத்தத் தாண்டக் கூடாது" என்று ஆரம்பித்து, ரசீதுகள், இரண்டு லட்சம், இழுப்பறைக் கடிதம், பதினைந்து சதவீதம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

கோல்ம் இடதுகையால் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டான்.

"இதுல என்ன புதுசு? என் மாமனார் நிலத்த வித்தப்ப கார்வில் எண்ணூறு பவுண்டு ரசீதில்லாம ரொக்கமா எண்ணி வாங்கினாரு. நோரீனக் கேளு. இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது?"

"தெரிஞ்சுமா அவர்கிட்ட போய் நின்ன?"

"வேற யாருகிட்ட போய் நிக்க? திருடன்தான். ஆனா கதவத் திறந்து வச்சிருக்கானே."

"அந்த லெட்டர் இல்லாமலே தவணை குடுத்திருப்பாங்கடா. யார் கேட்டாலும் குடுப்பாங்க. ஒரு போன் பண்ணினா போதும்."

கோல்ம் கத்தியைக் கீழே வைத்தான்.

"இத எனக்கு யாரு சொன்னா? இதே மேசையில உக்காந்துதானே அந்தத் தாள உன்கிட்ட காட்டினேன். போன் பண்ணினா போதும்னு சொன்னியா நீ?"

அவள் சொல்லவில்லைதான். கோப்பைத் தொடக் கூடாது என்பதிலேயே அவ்வளவு கவனமாக இருந்துவிட்டாள். எல்லாருக்கும் பொதுவான விஷயத்தைக்கூட வாயில் வரவிடவில்லை.

பத்து நாள் கழித்து ஸ்கொலன் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மதுக்கடையில் கோல்ம் யாருடனோ வாய்ச்சண்டை போட்டு, "ரெண்டு லட்சத்த முழுங்கினவனே எனக்காக லெட்டர் போட்டான், நீ யாருடா" என்று கத்தியிருக்கிறான். அந்தத் தொகை அந்த அலுவலகத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

"கார்வில் போன் பண்ணினார்" என்றார் ஸ்கொலன். "எழுத்துல புகார் குடுத்தா உன் வேலை போகும். கோர்ட்டுக்கும் போகணும். புகார் வேண்டாம்னுட்டார். குடிச்சுட்டுப் பேசின பேச்சுன்னு விட்டுடச் சொன்னார். அந்த ஒரு விஷயத்துல நல்ல மனுஷன்."

டிம்ப்னா எழுந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை கசாப்புக்கடை வாசலில் கார்வில் அவளுக்கு எதிரே வந்தார்.

"உன் தம்பிக்கு வாய் கொஞ்சம் நீளம்" என்றார்.

"அவன் மேல தப்பில்ல. சொன்னது நான்."

"யாரும்மா தப்பே பண்ணாம இருக்காங்க? என் கஷ்ட காலத்துல நீ பொறுத்த. நான் அத மறக்கல. ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்கலன்னா இந்த ஊர்ல எப்படிப் பொழைக்கறது?"

இரண்டும் ஒன்றில்லை என்று சொல்ல நினைத்தாள். தான் பொறுத்தது இறந்துபோனவளுக்காக, இவருக்காக இல்லை என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அவர் கடைக்குள் போய், கசாப்புக்காரரின் அம்மாவுக்கு இடுப்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

விசாரணைப் பிரிவிலிருந்து தன்னை மாற்றும்படி டிம்ப்னாவே எழுதிக் கொடுத்தாள். கூலிக்காரர்களுக்கும் உதவித்தொகைக்காரர்களுக்கும் பாக்கித் தாள் அனுப்புகிற பிரிவுக்கு மாற்றினார்கள். வாரத்துக்கு இருநூறு தாள், சில வாரம் முந்நூறு. முதல் மூன்று மாதம் ஒவ்வொரு தாளின் அடியிலும், தவணை கேட்கலாம், இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று பேனாவால் எழுதி அனுப்பினாள். மணிக்கட்டு வலித்தது. போன்கள் வர ஆரம்பித்தன. அச்சடித்த படிவத்தில் கையால் எழுதக் கூடாது என்று தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அவள் பெயர் அதில் இல்லை. நிறுத்திவிட்டாள்.

1997 ஜூனில் பொதுத்தேர்தல். வாக்களிப்பு நாளன்று மத்தியானம் கோல்ம் அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தான். முன் கண்ணாடியில் கார்விலின் முகம் ஒட்டியிருந்தது. வயதானவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போய் இறக்குகிற வேலை அவனுக்கு. ஆலையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கார்வில் சொல்லித்தான் கவுன்சில் கிடங்கில் காவல் வேலை கிடைத்திருந்தது.

"ஏறு அக்கா. மழை வருது."

அவள் ஏறினாள். நோரீன் பின்சீட்டில் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். வழியில் மூன்று பேரும் மழையைப் பற்றியே பேசினார்கள்.

வாக்குச்சீட்டில் ஒன்பது பெயர்கள். கயிற்றில் கட்டின பென்சிலை எடுத்து எட்டுப் பேருக்கு விருப்ப வரிசைப்படி ஒன்றிலிருந்து எட்டுவரை எண் போட்டாள். கார்விலுக்கு நேரே இருந்த கட்டத்தை வெறுமையாக விட்டாள். சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, கோல்ம் வாசலில் ஒரு கிழவியின் கையைப் பிடித்துப் படியிறக்கிக்கொண்டிருந்தான்.

கார்வில் வாக்கு எண்ணிக்கையின் முதல் சுற்றிலேயே ஜெயித்தார். போன தடவையைவிட ஆயிரத்து எழுநூறு வாக்கு அதிகம். அடுத்த வாரப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் பெரிய படம். வாக்கு எண்ணும் மண்டபத்தில் அவரைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறார்கள். இடது ஓரத்தில் கோல்ம், நல்ல கையால் அவர் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வாய் நிறையச் சிரிக்கிறான். அவன் அப்படிச் சிரித்து டிம்ப்னா நாலு வருடமாகப் பார்த்ததில்லை. தேநீர் நேரம் முடியும்வரை அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பத்திரிகையை அடுத்த மேசைக்காரியிடம் கொடுத்துவிட்டு, உறைகளை ஒட்ட ஆரம்பித்தாள்.