ஹீட்டர் வழக்கை விசாரிக்க அதிகாரம் வந்த கதை

கனகாம்பிகையின் முழங்கால் குளிரில் விறைப்பது லண்டனின் ரெய்னர்ஸ் லேன் முழுவதற்கும் தெரியும். அவரே வீடு வீடாகச் சொல்லியிருந்தார். கணவர் புவனேசன் லண்டனின் மறுகோடியில், கோலியர்ஸ் வுட்டில் வேலையில் இருந்தபடியே போனில் தட்டி வீட்டு ஹீட்டரை அணைத்துவிடுவார். "சுவெற்றரைப் போடும்" என்று பின்னாலேயே ஒரு செய்தியும் வரும்.

நவம்பரில் பொறுமை போய், கனகாம்பிகை ஊர்ச் சங்கத்தின் மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். சிரிக்க வேண்டாம். பக்கத்து ஊர்க்காரரின் லண்டன் சங்கம் கிரிக்கெட் அணி தொடங்கியதும், இவர்கள் மானம் காக்க நீதிமன்றம் தொடங்கியிருந்தார்கள். விதிகள் எல்லாம் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் ஒப்பந்தத்தில் உள்ளவைதாம். 'அரசு' என்று வந்த இடத்திலெல்லாம் 'குடும்பத் தலைவர்' என்று மாற்றியதுதான் சங்கத்தின் உழைப்பு. இதுவே முதல் வழக்கு.

நீதிபதி ஸ்ரீஸ்கந்தராஜா கனகாம்பிகையின் வரவேற்பறையில் குளிர்கோட்டைக் கழற்றாமலே அமர்ந்தார். எதிரே, வேலை முடிந்து வந்த புவனேசன்.

"இந்தக் கேஸ் எங்கட அதிகாரத்துக்குள்ள வருமோ எண்டு முதல்ல பாக்கவேணும். அணைச்ச விரல் கோலியர்ஸ் வுட்டில. குளிர் இஞ்ச."

"முழங்காலும் இஞ்சதான், அண்ணை," என்றார் கனகாம்பிகை.

"ஓம், ஹீட்டர் ஆரின்ர பிடியிலயோ அவர்தான் பொறுப்பு. ஆனா புவனேசன் எங்கட ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்கேல்லையே. வைக்காத ஆளை விசாரிக்க ஏலாது."

"வைக்கவும் மாட்டன்," என்று புவனேசன் கால்மேல் கால் போட்டார்.

கனகாம்பிகைக்குத் தன் கணவரைத் தெரியாதா? "அண்ணை, கையெழுத்து வைக்கிற ஆக்களின்ர படம் சங்கத்துப் பொங்கல் மலரில வருமெல்லோ?"

"முழுப்பக்கம். கலரில."

புவனேசனின் கால் கீழே இறங்கியது. "கோட் போட்ட படம் ஒண்டு இருக்கு..." என்றபடி கையெழுத்திட்டார்.

"ஆனா கையெழுத்துக்கு முந்தின குளிரை நாங்கள் விசாரிக்க ஏலாது," என்றார் நீதிபதி.

கனகாம்பிகையின் முகம் வாடியது. புவனேசனோ நிம்மதியாகச் சாய்ந்து, பழக்கதோஷத்தில் போனை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். நீதிபதிக்காகச் சற்றுமுன் போட்டிருந்த ஹீட்டர் சுவரோரம் டிக்கென்று அடங்கியது.

"இதை ஏலும்!" என்று நீதிபதி துள்ளினார். தீர்ப்பும் உடனே வந்தது: ஹீட்டர் இனிக் கனகாம்பிகையின் கையில்.

"அப்ப நான் ஒப்பந்தத்தில இருந்து விலகுறன்!"

"தாராளமா விலகும். எழுதித் தந்து ஆறு மாதத்துக்குப் பிறகுதான் செல்லும். அதுவரைக்கும் தீர்ப்புக்கு நீர் கட்டுப்பட்டவர்."

கனகாம்பிகை விரல் மடக்கி மாதங்களை எண்ணிப் பார்த்தார். பிறகு ஓடிப்போய்ப் பேனாவும் தாளும் கொண்டுவந்து கணவர் மடியில் வைத்தார்.

"எழுதுங்கோப்பா, எழுதுங்கோ. மே மாதத்தில ஹீட்டர் ஆருக்கு வேணும்? அடுத்த குளிருக்கு அடுத்த மலர் வரும், திரும்பவும் கையெழுத்து வைப்பீங்கள்."