உத்திரத்தில் ஒரு பெயர்

மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: தலைப்பக்கம் பெரிய எபர்ஹார்ட், பண்ணைக்குச் சொந்தக்காரர்; அவருடைய அக்கா மெட்டா, காது மந்தம், நாக்கு மந்தமில்லை; மகன் சின்ன எபர்ஹார்ட், நாற்பதை நெருங்கியும் இந்த வீட்டில் இன்னும் சின்னவன்; அவன் மனைவி கெஷே; அவள் மடியில் பிறந்து மூன்று வாரமான பையன், இன்னும் பெயரில்லை. சுவரில், சட்டத்துக்குள், மீசை வைத்த மூன்று எபர்ஹார்ட்கள். நடுத்தட்டில் ஒரு காட்டுப்பன்றியின் பின்னந்தொடை.

பன்றியைச் சுட்டவர் பெரியவர். சோளக்காட்டின் ஓரத்தில், பரண்மேல் கம்பளி போர்த்தி உட்கார்ந்து, தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியால். அவர் அங்கே இருந்ததே பன்றிக்குத் தெரியாது. அதை அவர் வேட்டை என்பார்.

"நம்ம பழைய பாஷையில எபர்னா ஆண் காட்டுப்பன்றி. ஹார்ட்னா வலு, உறுதி," என்று இறைச்சியைத் துண்டு போட்டபடி ஆரம்பித்தார். "நம்ம முன்னோருங்க போருக்குப் போறப்ப தலைக்கவசத்துல பன்றி உருவம் வெச்சுட்டுப் போனாங்க. கோமான்கள் வெச்சுக்கிட்ட பேரு. ஈட்டிய நீட்டினாலும் திரும்பி ஓடாத மிருகம்."

ஓடாத மிருகத்தை முள்கரண்டியால் குத்தி வாயில் போட்டுக்கொண்டார்.

சின்னவன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் இதைக் கேட்டிருக்கிறான். அந்தப் பெயர் போருக்குப் போய் என்ன சாதித்ததோ, பள்ளிக்கூடத்துக்குப் போய் என்ன வாங்கி வந்தது என்று அவனுக்குத் தெரியும். வகுப்பில் மற்றவர்கள் ஸ்டெஃபான், ஒலிவர், மார்க்குஸ். இவன் உள்ளே நுழைந்தால் பின்வரிசை பன்றி மாதிரி உறுமும். கோமான்களின் பெயரை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகச் சாணி அள்ளிய குடும்பம் இது. வலுவும் உறுதியும் உள்ள அப்பா பல் மருத்துவரின் ஊசியைப் பார்த்தே மயங்கி விழுந்தவர்.

"ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம்," என்றார் பெரியவர். "பாதிரியார் பேரு கேப்பாரு. நீ வாயத் திறந்து சொல்லு, போதும். வாசல் உத்திரத்துல தச்சன வெச்சுப் பேரச் செதுக்கியாச்சு."

உள்ளே வரும்போதே சின்னவனும் கெஷேயும் அதைப் பார்த்திருந்தார்கள். கறுத்த உத்திரத்தில் வரிசையாக எபர்ஹார்ட்கள். கடைசியில் சின்னவனின் பெயர். அதற்கும் பக்கத்தில், மரம் வெளிறித் தெரிய, புது வெட்டில் இன்னொன்று. வயிற்றில் இருப்பது ஆண் என்று தெரிந்த வாரமே தச்சனிடம் சொல்லிவைத்துவிட்டாராம்.

"எங்களக் கேக்கவே இல்லையே, மாமா," என்றாள் கெஷே.

"வாசல் என்னுது."

"பிள்ளை என்னுது."

"பிள்ளை இந்தப் பண்ணையோடதும்மா."

கெஷே கணவனைப் பார்த்தாள். காரில் வரும்போது, 'நான் சொல்லிடறேன்' என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். இப்போது சிவப்பு முட்டைக்கோஸைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"நில்ஸ்னு வைக்கப்போறோம்," என்று அவளே சொன்னாள்.

"நில்ஸா? அதுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியாது. அதனாலதான் பிடிச்சிருக்கு."

பெரியவர் கத்தியை வைத்தார். "இந்த வீட்டுல மூத்தவன் எபர்ஹார்ட்டா இல்லாம இருந்ததே இல்ல."

இது மட்டும் மெட்டாவின் காதில் விழுந்தது. "மூத்தவனா? நீயாடா மூத்தவன்?" வாயில் உருளைக்கிழங்கு உருண்டையோடு சிரித்தாள். "உனக்கு முன்னாடி பொறந்த எபர்ஹார்ட் நாலு வயசுல தொண்டை அடைப்பான்ல போனான். அப்புறம்தான் நீ வந்தே. அவன் தொட்டில், அவன் சட்டை, அவன் பேரு. சும்மா கிடக்குதேன்னு உனக்கு மாட்டிவிட்டாங்க."

பெரியவர் கூசவில்லை. "அப்பல்லாம் எல்லா வீட்லயும் அப்படித்தான். ஆளு போனா போகட்டும். பேரு போகக் கூடாது."

சின்னவன் கிளறுவதை நிறுத்தினான். சின்ன வயது நவம்பர்கள் நினைவுக்கு வந்தன. இறந்தவர்களுக்கான ஞாயிறன்று அம்மா மெழுகுவர்த்தியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போவாள். இவனைக் கம்பிக்கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, "நீ உள்ள வராதே" என்பாள். குளிருக்காகச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தான்.

"அப்பா. எனக்கு முன்னாடியும் ஒருத்தன் இருந்தானா?"

மெட்டா திடீரென்று முழுச் செவிடானாள்.

"ரெண்டு நாள்," என்றார் பெரியவர். "அவ்வளவுதான் இருந்தான். அதுக்குள்ள உத்திரத்துல செதுக்கியாச்சு. நல்ல ஓக் மரம். செதுக்கினத வீணாக்க முடியுமா?"

முப்பத்தொன்பது வருடமாக அந்த எழுத்துக்குக் கீழே அவன் போய் வந்திருக்கிறான். தன் பெயர் என்று நினைத்து, சின்ன வயதில் ஏணி போட்டு அதைத் தடவியும் பார்த்திருக்கிறான். ஒரு மரத்துண்டு வீணாகக் கூடாதென்று அவனுக்கு அந்தப் பெயர்.

"இவனுக்கு வேண்டாம்ப்பா." வீரமாக வரவில்லை, குரல் கீச்சென்றுதான் வந்தது. "இவன் பேரு நில்ஸ்."

"பேரு வேண்டாம்னா பண்ணையும் வேண்டாம். சாவிய வெச்சுட்டுப் போ."

மிரட்டினால் பையன் உட்கார்ந்துவிடுவான் என்ற நம்பிக்கையில் அவர் குழம்பை எடுத்து ஊற்றினார். இத்தனை காலமும் அவன் உட்கார்ந்துதான் இருக்கிறான். இன்று சாவிக்கொத்திலிருந்து பண்ணை வீட்டின் பெரிய சாவியைக் கழற்றினான். வளையம் இறுக்கமாக இருந்ததால் நகம் உடைந்தது. சாவியைக் குழம்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"அப்ப உத்திரத்துல செதுக்கினது?" என்று கத்தினார் பெரியவர்.

"உங்க பன்றிக்கு வெச்சுக்குங்க."

கெஷே குழந்தையைப் போர்த்தி எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். அவன் பின்னால் போனான். உத்திரத்தைக் கடக்கும்போது அண்ணாந்து பார்க்கவில்லை. முற்றத்தில் இறங்குவதற்குள் முதுகுக்குப் பின்னால் கதவு அறைந்து சாத்தப்பட்டது. திரும்பி ஓடாத மனிதர், பட்டப்பகலில், உள்ளிருந்து சாவியை இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டினார்.